பதினாலாம் நம்பர் மஞ்சள்

அழவே அழாத ஒரு குழந்தையை எதற்காக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்?

கலரக்கா தன் பதினோரு நாள் மகளை பெயிண்ட் கடை வேனில் தூக்கிக்கொண்டு போன அன்று எங்கள் தெருவில் எல்லாரும் கேட்ட கேள்வி இது. என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் முழித்திருப்பேன். ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் கத்திக் கூரையைப் பிரிக்கும்போது, ஒரு பிள்ளை பூனைக்குட்டி மாதிரி சுருண்டு படுத்திருந்தால் அது கொடுத்து வைத்த வீடு என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு அக்காவிடமும் அந்த வீட்டில் மற்றவர்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கலரக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது அவள் வேலையால். கடைத்தெருவில் இருக்கும் பெயிண்ட் கடையில் நிறம் கலப்பது அவள் வேலை. வெள்ளை பெயிண்ட் நிறைந்த வாளியில் அளவுச் சொட்டுகளாக நிறமை என்ற கெட்டிச் சாயத்தை விட்டு, குலுக்கும் மெஷினில் வைத்து, வெளியே எடுத்தால் வாடிக்கையாளர் கேட்ட நிறம் வந்திருக்கும். யாராவது ஒரு பழைய சட்டைத் துணியைக் கொண்டுவந்து, "இதே கலர்ல சுவர் வேணும்" என்று சொன்னால் மெஷின் கையை விரித்துவிடும். அக்கா விரிக்க மாட்டாள். துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நிறங்களை நம்பர் போட்டு அடுக்கிய ஷேட் கார்டைப் பக்கத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து நம்பரைச் சொல்லிவிடுவாள். ட்யூப் லைட் வெளிச்சத்தில் நிறம் பார்க்கவே மாட்டாள். "ட்யூப் லைட் பொய் சொல்லும்" என்பாள்.

அவள் கணவர் அதே கடையின் வேன் டிரைவர். வாளிகளை ஏற்றிக்கொண்டு போய் வீடு வீடாக இறக்குபவர். இரண்டு பேரும் அந்தக் கடையில்தான் பழகி, அந்தக் கடையிலிருந்தே கல்யாணத்துக்கும் போனவர்கள். ஆறு வருடம் கழித்து வயிற்றில் ஒன்று தங்கியது. அக்கா ஒன்பதாம் மாதம் வரை கடைக்குப் போனாள். வாயும் வயிறுமாக இருக்கிற பெண் வாளி தூக்கக் கூடாது என்று முதலாளி அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். அங்கே உட்கார்ந்தபடியே எல்லாரையும் விரட்டினாள்.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை. ஆஸ்பத்திரியில் கட்டில் தட்டுப்பாடு. இரண்டாம் நாள் காலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது நர்ஸ் ஒரு சீட்டைக் கொடுத்து, "நாளைக்குக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் எடுக்கணும்" என்றார். டிரைவர் அந்தச் சீட்டை வாங்கி, வேனில் கண்ணாடிக்கு மேலே இருக்கும் வெயில் மறைப்புத் தட்டில் பத்திரமாகச் சொருகினார். பத்திரம் என்றால் அப்படி ஒரு பத்திரம். பத்து நாள் அது அங்கேயே இருந்தது.

சீட்டு மறந்துபோனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரசவத்துக்கு உதவியாக டிரைவரின் அக்கா வந்திருந்தார். கலரக்காவுக்கு அவர் அண்ணி. நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். நான்கும் நான்கு விதமாகக் கத்தி அவர் தூக்கத்தைத் தின்றவை. அப்படிப்பட்டவர் மடியில் இந்தப் பிள்ளையைப் போட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏம்மா, நீ என்ன புண்ணியம் பண்ணியோ! மூச்சு விடுதான்னு மூக்குல கை வச்சுப் பார்க்க வேண்டியிருக்கு. இப்படி ஒரு தங்கத்தை நான் பார்த்ததே இல்ல."

மூன்றாம் நாள் அக்காதான் சீட்டைப் பற்றிப் பேச்செடுத்தாள். அண்ணி கையை வீசினார். "நல்லா இருக்கிற பிள்ளையை எதுக்கு ஊசியால குத்தணும்? உனக்கும் இன்னும் உட்கார முடியல. அடுத்த வாரம் பார்த்துக்கலாம், போ." உடம்பெல்லாம் வலித்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் என்று கேட்டதும் அக்காவுக்கே நிம்மதியாகத்தான் இருந்தது. அதை அவள் ஒளிக்கவில்லை. இன்றைக்கும் யாரிடம் சொன்னாலும், "எனக்கும் சோம்பல்தான்" என்று முதலிலேயே சொல்லிவிடுவாள்.

ஐந்தாம் நாள் முதலாளி போன் செய்தார். அவருக்கு எப்போதும் ஒரே மாதிரி நகைச்சுவைதான் வரும். "என்னம்மா, புது சரக்கு என்ன ஷேட்?" என்று கேட்டார்.

அக்கா சிரித்துக்கொண்டே ஜன்னலோரம் போனாள். அவள் பையில் எப்போதும் ஒரு ஷேட் கார்டு கிடக்கும். விசிறி மாதிரி விரியும் அட்டைகள். ஒவ்வொரு பட்டையிலும் நிறம் அடர்த்தியாக ஆரம்பித்து வெளிறிக்கொண்டே போகும். நம்பர் குறையக் குறைய நிறமும் குறையும். மஞ்சள் அட்டையைப் பிரித்துக் குழந்தையின் நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பதினாலு சார்."

"பதினாலா! பள்ளிக்கூடச் சுவருக்குப் போற ஷேட் ஆச்சே! பாஸ், பாஸ்!"

போன் வைத்தாயிற்று. பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் வருவதும் போவதும் சகஜம் என்று அண்ணியும் சொன்னார். அதுவும் உண்மைதான். பல குழந்தைகளுக்கு வந்து தானாகவே போய்விடுகிறது.

குழந்தை தூங்கியது. பால் குடிக்க எழுப்பினால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி தூங்கியது. மார்பில் சரியாகக் குடிக்காததால் அக்கா பாலைப் பீய்ச்சி பாட்டிலில் கொடுக்க ஆரம்பித்தாள். கையும் காலும் ஜில்லென்று இருந்தன. மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போனது. எப்போதாவது அழுதால் அந்தச் சத்தம் தொண்டை கட்டின பெரியவர் இருமுவது மாதிரி இருந்தது. டிரைவர் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தார். வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே, "எங்கே என் தூங்குமூஞ்சி?" என்று கேட்டுக்கொண்டு நுழைவார். தூங்குமூஞ்சி தூங்கிக்கொண்டிருக்கும்.

பதினோராம் நாள் முதலாளி மறுபடி போன் செய்தார். அதே கேள்வி. "என்னம்மா, இப்போ என்ன ஷேட்?"

நேரம் காலை பத்து. நல்ல வெளிச்சம். அக்கா அதே ஜன்னலோரம் போய் அதே அட்டையைப் பிரித்தாள். பத்தோ பதினொன்றோ இருக்கும் என்று நினைத்து வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. பன்னிரண்டு பொருந்தவில்லை. பதிமூன்றும் இல்லை.

பதினாலு.

ஆறு நாளில் ஒரு பட்டைகூட இறங்கவில்லை. மற்றவர்களுக்கு அது 'கொஞ்சம் மஞ்சளா இருக்கு'. வருவோர் போவோர் எல்லாம் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் பதினைந்து வருடமாக இரண்டு வெள்ளைக்கு நடுவில் இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு அது அப்படி இல்லை. அதே வெளிச்சத்தில், அதே இடத்தில் அதே நம்பர் வந்தால் எதுவும் மாறவில்லை என்று அர்த்தம். மாற வேண்டியது மாறவில்லை என்றால் உள்ளே ஏதோ நடக்கவில்லை.

"சார், வேன் எங்கே இருக்கு?"

"ஏன், மேம்பாலத்துக்கிட்ட இருக்கும். எதுக்கு?"

"அவரை வரச் சொல்லுங்க. சரக்கு இறக்கலேன்னாலும் பரவாயில்ல. இப்பவே வரச் சொல்லுங்க."

அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். விரித்த ஷேட் கார்டையும் இவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன, பிள்ளைக்கு பெயிண்ட் அடிக்கப் போறியா?"

"அண்ணி, அந்தக் குதிகால் டெஸ்ட் இன்னைக்கே எடுக்கணும்."

"காலையில வெயில்ல கொஞ்சம் காட்டினா சரியாயிடும்மா. அழுதா, சுரம் அடிச்சதா, என்ன ஆச்சுன்னு தூக்கிட்டு ஓடுற?"

"அழலையே அண்ணி. பதினோரு நாளா வாய்விட்டு அழவே இல்லையே. அதுக்குத்தான் ஓடுறேன்."

ஒற்றைக் காலில் நின்றாள். வேன் வந்தது. பின்னால் இருபது வாளி எமல்ஷன் பெயிண்ட் உருண்டு இடித்துக்கொண்டிருக்க, முன்னால் மூன்று பேரும் ஒரு குழந்தையும் நெருக்கிக்கொண்டு போனார்கள். வளைவில் வெயில் முகத்தில் அடித்தது. டிரைவர் மறைப்புத் தட்டைக் கீழே இழுத்தார். பத்து நாள் பழைய சீட்டு அவர் மடியில் விழுந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

குழந்தை டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். நிதானமான கை. அக்கா ஷேட் கார்டைப் பிரித்துக் காட்டியபோது சிரிக்கவில்லை.

"அட்டையை வச்சு மஞ்சள் காமாலையை அளக்க முடியாதும்மா. ரத்தம்தான் சொல்லும். ஆனா இந்த அட்டை உங்களை இங்க கொண்டுவந்து சேர்த்துச்சு பாருங்க, அதுக்கு அதை நான் கும்பிடுவேன்." குழந்தையின் நாக்கைப் பார்த்தார். வயிற்றைத் தொட்டார், தொப்புளைப் பார்த்தார், அழுகையைக் கேட்டார். குதிகாலில் ஒரு குத்து. கையிலிருந்தும் ரத்தம் எடுத்தார்கள். அப்போதுகூட அவள் முகத்தைச் சுளித்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

மறுநாள் முடிவு வந்தது. ஸ்கேனும் எடுத்தார்கள். டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் கழுத்தை வரைந்து, அதில் பட்டாம்பூச்சி மாதிரி ஒன்றை வரைந்தார்.

"இதுதான் தைராய்டு. குதிகால் ரத்தம் எடுக்கிறது முக்கியமா இதைக் கண்டுபிடிக்கத்தான். உடம்பு முழுக்க வேலை நடக்கிறதுக்கு இதிலேருந்து ஒரு ஹார்மோன் வரணும். உங்க பொண்ணுக்கு இந்தச் சுரப்பி சரியா உருவாகவே இல்லை. அதனாலதான் தூக்கம், மஞ்சள், மலச்சிக்கல், இந்தக் கரகரப்பு எல்லாம். உங்க தப்பு எதுவும் இல்லை. நீங்க சாப்பிட்டதாலயோ பெயிண்ட் வாசத்தாலயோ வந்ததில்ல. அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா அதைத்தான் அடுத்துக் கேட்கப் போறீங்க."

அக்கா அதைத்தான் கேட்க வாயைத் திறந்திருந்தாள். மூடிக்கொண்டாள்.

"இப்போ முக்கியமான விஷயம்" என்றார் டாக்டர். "முதல் ரெண்டு, மூணு வருஷம் மூளை வளர்ற நேரம். அதுக்கு இந்த ஹார்மோன் கட்டாயம் வேணும். சுரப்பி குடுக்காததை நாம மாத்திரையில குடுக்கப் போறோம். தினமும், ஒரு நாள்கூட விடாம குடுத்தா இவ எல்லாப் பிள்ளைங்களையும் போல ஓடுவா, படிப்பா, உங்ககூடச் சண்டை போடுவா. விட்டா, அப்புறம் எவ்வளவு குடுத்தாலும் போன மூளை வளர்ச்சி திரும்ப வராது. இன்னைக்குப் பன்னிரண்டாம் நாள். கொஞ்சம் தாமதம்தான். ஆனா நேரம் இருக்கு."

அவ்வளவுதான் விஷயம். தினமும் ஒன்றரை மாத்திரை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மாத்திரை. அதில்தான் இவள் பேசுவதும் படிப்பதும் இருந்தது.

நர்ஸ் செய்து காட்டினார். இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் மாத்திரையைப் பொடித்து, நாலைந்து சொட்டுப் பாலில் குழைத்து, கன்னத்தின் உள்பக்கம் விட வேண்டும். அக்கா தலையாட்டிக்கொண்டே பார்த்தாள். ஆனால் பார்க்கும்போதே அவளுக்குள் இருந்த பெயிண்ட்காரி உதட்டைப் பிதுக்கினாள்.

அவள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. நிறமையை எப்போதும் முழு வாளியில்தான் விட வேண்டும். கொஞ்சத்தில் கலந்து பிறகு மொத்தத்தில் ஊற்றினால் திட்டுத் திட்டாக நிற்கும். ஒரே சுவரில் இரண்டு நிறம் தெரியும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு அது. அவள் பலரைத் திட்டியிருக்கிறாள். நாலு சொட்டுப் பாலில் ஒன்றரை மாத்திரையா? பாதி ஸ்பூனிலேயே ஒட்டிக்கொள்ளும். என்ன கலவை இது!

வீட்டுக்கு வந்தாள். முழு பாட்டில் பாலில் பொடியைப் போட்டாள். மூடினாள். கடை மெஷின் மாதிரியே ஒரே சீராக நூறு எண்ணும் வரை குலுக்கினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு திட்டு இல்லை.

"இதுதான் கலவை" என்றாள் அண்ணியிடம், பெருமையாக.

இரண்டு வாரம் அப்படியே கொடுத்தாள். தினமும் காலை ஆறு மணி. ஒரு நாள் தவறவில்லை. மஞ்சள் பதிமூன்றானது, பதினொன்றானது, பிறகு அட்டையிலேயே இல்லாமல் போனது. குழந்தை கொஞ்சம் கண் விழித்துப் பார்க்க ஆரம்பித்தாள். வீடே நிமிர்ந்து உட்கார்ந்தது. இரண்டாவது ரத்தப் பரிசோதனைக்கு அவர்கள் போனது பரீட்சையில் முதல் மார்க் வாங்கப் போகும் பிள்ளைகள் மாதிரி.

டாக்டர் தாளைப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"ஹார்மோன் பத்தலேன்னு ஏறி நிக்கிற டி.எஸ்.எச். எண் குறைஞ்சிருக்கு. ஆனா குறைய வேண்டிய அளவு குறையல. மருந்து தவறுதா?"

"ஒரு நாள்கூட இல்ல டாக்டர்."

"வாந்தி எடுக்கிறாளா? சத்து டானிக் ஏதாவது சேர்த்துக் குடுக்கிறீங்களா?"

"இல்ல டாக்டர்."

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. வீட்ல எப்படிக் குடுக்கிறீங்களோ, அப்படியே இங்க செஞ்சு காட்டுங்க."

அக்கா பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். பொடித்தாள், போட்டாள், குலுக்க ஆரம்பித்தாள். டாக்டர் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வரை எண்ணியபோது அவர் கேட்டார்: "இந்த பாட்டில் முழுசையும் குடிச்சிடுவாளா?"

"குடிக்க மாட்டா டாக்டர். இன்னும் தூக்கம்தானே. கால்வாசி, சில நாள் பாதிகூட மிச்சம் வைப்..."

கை நின்றுவிட்டது.

ஒரு பெயிண்டர் கால் வாளியை மீதம் வைத்துவிட்டுப் போனால், அந்த வாளிக்கு விட்ட நிறமையில் கால் பங்கும் அந்த மீதத்திலேயே போய்விடும். இது கடையில் யாருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதா? நன்றாகக் கலந்திருக்கிறாள். அவ்வளவு நன்றாகக் கலந்ததால்தான், மிச்சம் வைத்த ஒவ்வொரு மடக்கிலும் மருந்து சரிசமமாக இருந்திருக்கிறது. அது தினமும் சிங்க்கில் போயிருக்கிறது. சுவருக்கு முழு வாளி போகும், அதனால் முழு வாளியில் கலக்கிறோம். இந்தச் சுவர் எவ்வளவு குடிக்கும் என்று அவள் யோசிக்கவே இல்லை.

"என் கெட்டிக்காரத்தனம் டாக்டர்" என்றாள். "நர்ஸ் சொன்னபடி செஞ்சிருந்தா..."

"மிச்சத்தை சிங்க்ல ஊத்தினது நான்தான்" என்றார் அண்ணி உடனே. "கண்ணு இருந்தும் பார்க்கல. முதல் டெஸ்ட்டையும் வேணாம்னது நான்தான் டாக்டர். இவ பச்சை உடம்புக்காரி, இவளைத் திட்டாதீங்க."

"சீட்டை வேன்ல சொருகினது நானு" என்றார் டிரைவர்.

"நீ சும்மா இருடா, நான் பேசிட்டு இருக்கேன்ல."

"நீ ஏன்க்கா எல்லாத்தையும் உன் தலையில போட்டுக்கிற?"

டாக்டர் பேனாவை மேஜையில் தட்டினார். "சண்டை முடிஞ்சதும் சொல்லுங்க. நான் மருந்து எழுதணும்."

மூன்று பேரும் அடங்கினார்கள். அக்கா மட்டும் ஒன்று கேட்டாள். "டாக்டர், இந்த ரெண்டு வாரம்... அதுக்கு முன்னாடி பன்னிரண்டு நாள்... அதெல்லாம் எங்க போய் நிக்கும்?"

"இப்போ சொல்ல முடியாதும்மா. பாதிக்கு மேல மருந்து உள்ள போயிருக்கு, அது நல்ல விஷயம். இன்னையிலேருந்து சரியா குடுத்தா எனக்கு நம்பிக்கை இருக்கு. மூணு வயசு தாண்டினதும் பேச்சு, புத்தி எல்லாம் ஒரு தடவை முறையா சோதிச்சுப் பார்ப்போம். அன்னைக்கு உங்களுக்கே தெரிஞ்சிடும்."

அதற்கு மூன்று வருடத்துக்கு மேல் இருந்தது. அக்கா அந்தக் கேள்வியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆனால் அதை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கவில்லை. அடுத்த நாளே வேலையில் இறங்கினாள்.

முதலில் தன் தொழிலிலிருந்து எது பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்தாள். முழு வாளிச் சட்டம் வெளியே போனது. ஆனால் இன்னொரு சட்டம் இருந்தது. விலை உயர்ந்த நிறமையைச் சின்னக் குப்பியில் அளந்து ஊற்றினால் குப்பியின் சுவரில் கொஞ்சம் ஒட்டி நிற்கும். அதை அப்படியே கழுவிப் போடாமல், வாளி பெயிண்டையே கொஞ்சம் குப்பியில் விட்டு அலசி, திரும்ப வாளியில் ஊற்ற வேண்டும். அதை எடுத்துக்கொண்டாள். ஆறு மணிக்கு, இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் மாத்திரை பொடியாகும். ஐந்து சொட்டுப் பால். கன்னத்தின் உள்ளே. பிறகு அதே ஸ்பூனில் இன்னும் ஐந்து சொட்டுப் பால், அலசி, அதுவும் உள்ளே. ஸ்பூனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். பளபளவென்று இருந்தால்தான் வைப்பாள். அதற்கு அப்புறம்தான் பாட்டில். அதில் மிச்சம் வைத்தாலும் கவலை இல்லை.

அதை நர்ஸிடம் காட்டியபோது அவர், "ரெண்டாவது தடவை அலசிக் குடுக்கிறீங்களே, அது சரியான யோசனை. மத்த அம்மாங்களுக்கும் சொல்றேன்" என்றார்.

அண்ணி அன்றிலிருந்து வேறு ஆளாகிவிட்டார். ஸ்பூன்களை வேறு யாரும் தொடக் கூடாது. மூன்று மாதம் கழித்துத் தன் வீட்டுக்குத் திரும்பிப் போன பிறகும், தினமும் காலை ஆறு மணிக்கு போன் வரும்.

"மாத்திரை?"

"ஆச்சு அண்ணி."

"அலசினியா?"

"அலசியாச்சு."

வைத்துவிடுவார். நலம் விசாரிப்பு எல்லாம் சாயங்கால போனில்தான். டிரைவர் இதற்கு ராணுவ செய்தி என்று பெயர் வைத்தார். ஆனால் அவரே வேனின் மறைப்புத் தட்டில் ஒரு அட்டை மாத்திரை எப்போதும் வைத்திருக்கிறார் என்பது அக்காவுக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. எங்காவது மாட்டிக்கொண்டால் இருக்கட்டுமே என்றாராம். வெயில் படும் இடத்தில் மருந்து வைக்கக் கூடாது என்று அதற்கும் திட்டு வாங்கினார்.

முறையை மாற்றிய ஒன்பதாம் நாள் என்று அக்காவுக்கு நினைவு. காலை பதினொரு மணி இருக்கும். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்போது அண்ணி இன்னும் இங்கேதான் இருந்தார். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திடீரென்று உள்ளறையிலிருந்து ஒரு அலறல். அண்ணி கையிலிருந்த பாத்திரம் தரையில் விழுந்து உருண்டது. கதவில் மோதிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

குழந்தை மல்லாந்து படுத்து, முகமெல்லாம் சிவந்து, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். கரகரப்பு இல்லாத, தெளிவான, கோபமான குரல்.

"என்ன ஆச்சு? பூச்சி கடிச்சிடுச்சா?"

அக்கா தூக்கினாள். வாய் அவள் தோளைத் தேடிக் கடித்தது.

"பசிக்குதாம் அண்ணி" என்றாள். "பசிக்குதாம்!"

பக்கத்து வீட்டிலிருந்து, "என்ன, பிள்ளை இந்தக் கத்து கத்துது?" என்று குரல் வந்தது. அண்ணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எங்க பிள்ளை! அப்படித்தான் கத்தும்!" என்றார். மூன்று பேர் கத்துவதைப் போல அந்த ஒருத்தி கத்த, இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். அன்றைக்கு அந்தச் சத்தத்தைத் தெருவில் நானும் கேட்டேன். அடுத்த ரத்தப் பரிசோதனையில் எண் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது.

தூங்குமூஞ்சி என்ற பெயர் போய், மைக்செட் என்று ஆனது.

மைக்செட் வளர்ந்தாள். எடை ஏற ஏற மாத்திரை அளவு மாறியது. முதலில் மாதா மாதம் ரத்தம் எடுத்தார்கள், பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இரும்புச் சத்து டானிக் கொடுக்கச் சொன்னபோது, அது மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் என்று கேட்டு, மாத்திரையைக் காலையிலும் டானிக்கைச் சாயங்காலத்திலும் வைத்தாள் அக்கா. குழந்தையைக் கடைக்குக் கூட்டிப்போனாள். மைக்செட் நிறமை அலமாரிக்குக் கீழே தவழ்ந்தாள், பிறகு நடந்தாள், பிறகு மூடிகளைத் திருடினாள். முதல் வார்த்தை ஒன்றரை மாதம் தாமதமாக வந்தது. அந்த ஒன்றரை மாதம் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாள் முதலாளி மூடியைப் பிடுங்கினார். மைக்செட் "குடு!" என்றாள். முதலாளி அவளுக்கு எல்லா மூடியையும் கொடுத்துவிட்டார்.

மூன்றரை வயதில் அந்தச் சோதனை வந்தது. ஒரு சின்ன அறை, குட்டி மேஜை, குட்டி நாற்காலி. பரிசோதிக்கும் பெண் ஒரு பெட்டி நிறைய கட்டைகளும் படங்களும் வைத்திருந்தார். பெற்றவர்கள் சுவரோரம் உட்கார வேண்டும், பேசக் கூடாது. கலரக்கா கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்தாள். இல்லாவிட்டால் சைகை காட்டிவிடுவாளாம். பையில் போட்டுவைத்த கேள்வி இத்தனை வருடம் கழித்து வெளியே வந்திருந்தது. அந்த இருபத்தாறு நாள் எங்கே போய் நிற்கும்?

மைக்செட் கட்டைகளை அடுக்கினாள். படத்தில் பூனையைக் காட்டினாள், குடையைக் காட்டினாள். பெயரைச் சொன்னாள், கேட்காமலேயே அப்பா பெயரையும் முதலாளி பெயரையும் சொன்னாள். பிறகு அந்தப் பெண் ஒரு சிவப்புக் கட்டையை எடுத்து நீட்டினார்.

"இது என்ன கலர்?"

மைக்செட் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலையா கண்ணு? பரவாயில்ல. இது என்ன கலர், சொல்லு பார்ப்போம்?"

அந்தப் பெண் தாளில் ஏதோ எழுதப் போனார். மைக்செட் கட்டையை வாங்கிக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கினாள். நேராக ஜன்னலோரம் நடந்தாள். வெளிச்சத்தில் கட்டையைத் தூக்கிப் பிடித்தாள். ஒரு கண்ணை மூடினாள். பிறகு திரும்பி, விஷயம் தெரியாதவரிடம் பொறுமையாகப் பேசுகிற குரலில் கேட்டாள்.

"சிவப்புதான். எந்தச் சிவப்பு?"

பரிசோதிக்கும் பெண் பேனாவை வைத்துவிட்டார். "எந்தச் சிவப்புன்னா?"

"சிவப்பு நிறைய இருக்கு ஆன்ட்டி. இது செங்கல் சிவப்பு இல்ல. தக்காளியும் இல்ல." கொஞ்சம் யோசித்தாள். "அட்டை இருந்தா சொல்லுவேன். இங்க லைட் பொய் சொல்லுது."

சுவரோரம் கலரக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று டிரைவருக்கே புரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் வேனை ஓரமாக நிறுத்தி, அண்ணிக்கு போன் போட்டார்கள். அண்ணி முழுவதும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"இன்னைக்கு மாத்திரை ஆச்சா?"

"ஆச்சு அண்ணி."

"அப்போ சரி" என்றார். ஆனால் போனை வைக்க முடியாமல் வெகு நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

மைக்செட் இப்போது பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். மாத்திரையைத் தானே மென்று விழுங்குகிறாள். வாழ்நாள் முழுக்க அது வேண்டும். அவளுக்கு அது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. கலரக்காவைத் தேடி அவ்வப்போது யாராவது ஒரு புதுத் தாய் கடைக்கு வருவார், டாக்டர் அனுப்புவார். அக்கா வாளியை இறக்கி வைத்துவிட்டு, இரண்டு ஸ்பூனை எடுத்துச் செய்து காட்டுவாள். ஆனால் அதற்கு முன்னால் தான் குலுக்கிய பாட்டிலைப் பற்றித்தான் முதலில் சொல்வாள். "என்னைவிட நல்லா கலக்கிறவ இந்த ஊர்ல இல்ல. அதனாலதான் தப்பு பண்ணினேன்" என்பாள்.

படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் புதிதாக ஒரு குழந்தை பிறந்திருந்தால், போய்ப் பார்க்கும்போது யார் ஜாடை என்று கேட்பதோடு, "குதிகால் ரத்தம் எடுத்தாச்சா?" என்றும் கேளுங்கள். இல்லை என்றால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அந்தச் சீட்டையும் பாட்டிலையும் விடாமல் சேர்த்துச் சொல்லுங்கள். அழாத பிள்ளையை எதற்காக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று அவர்கள் கேட்டால், அதற்குப் பதில் இப்போது உங்களுக்கும் தெரியும்.